கேளுங்கள், கழிக்கப்படும்

சம்பள உயர்வு கேட்பதற்கு ஒரு முறை உண்டாம். கொழும்பின் குளிரூட்டிய அறைகளில் மனிதவள நிபுணர்கள் அதைப் பாடமாகவே நடத்துகிறார்கள். முதலில் உங்கள் பெறுமதியைத் தெரிந்துகொள்ளுங்கள். செய்த வேலையைக் கணக்கோடு எழுதிக்கொண்டு போங்கள். கம்பனிக்கு நல்ல காலம் நடக்கும்போது பார்த்துக் கேளுங்கள். வீட்டுக் கஷ்டத்தை மேசையில் கொண்டுவந்து கொட்டாதீர்கள். பணிவாகப் பேசுங்கள், ஆனால் உறுதியாகப் பேசுங்கள். கேட்டால்தானே கிடைக்கும்?

அருமையான பாடம். இதை எழுத்துப் பிசகாமல் செய்துகாட்டிய ஒரு கூட்டம் இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில் இருக்கிறது. தங்கள் பெறுமதியை ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தடவை தராசிலேயே தொங்கவிட்டுக் காட்டுகிறார்கள். செய்த வேலையைக் கணக்கப்பிள்ளையே கொப்பியில் எழுதிவைக்கிறார். பணிவைப் பற்றிப் பேசவே வேண்டாம், இருநூறு வருடமாகக் குனிந்த முதுகு. உறுதியும் உண்டு. 1940 ஜனவரியில் முல்லோயா தோட்டத்தில் சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார்கள். பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி செத்துவிழுந்தார். பேச்சுவார்த்தை அந்த அளவில் சுமுகமாக முடிந்தது.

இப்போதெல்லாம் சுடுவதில்லை. நாகரிகம் வளர்ந்துவிட்டது. இப்போது எண் கொடுக்கிறார்கள்.

அந்த எண்ணின் கதையைச் சொல்கிறேன். 2015 பொதுத் தேர்தல் காலத்தில் ‘நாளொன்றுக்கு ஆயிரம் ரூபாய்’ என்ற கோரிக்கை மலையக மேடைகளில் ஏறியது. அன்றைக்குத் தோட்டத் தொழிலாளிக்கு எல்லாக் கொடுப்பனவும் சேர்த்து 620 ரூபாய். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை தொழிற்சங்கங்களும் முதலாளிமார் சம்மேளனமும் கையெழுத்துப் போட்டுவந்த கூட்டு ஒப்பந்தம் அந்த வருடம் மார்ச் மாதத்தோடு காலாவதியாகிவிட்டது. புதிய ஒப்பந்தம் பேசி முடிக்க 2016 ஒக்டோபர் ஆனது. பதினெட்டு மாதம் இழுத்தடித்துப் பெற்ற வெற்றி 730 ரூபாய். அடிப்படைச் சம்பளம் 500, வரவுக்கு 60, கொழுந்து அளவுக்கு 140, தேயிலை விலைக்கு 30. ஒழுங்காக வேலைக்கு வந்து, சொன்ன கிலோவை எடுத்தால்தான் முழுத் தொகையும் கைக்கு வரும். மழை பெய்யாமல், அட்டை கடிக்காமல், காய்ச்சல் வராமல் இருந்தால் வெற்றி உங்களுடையதே.

2018இல் மறுபடி கேட்டார்கள். இந்த முறை பிள்ளைகளும் சேர்ந்துகொண்டார்கள். தோட்டத்தில் பிறந்து கொழும்புக் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை பார்க்கும் இளைஞர்கள் ஒக்டோபர் மாதம் காலிமுகத்திடலில் கறுப்புச் சட்டையோடு திரண்டு, அம்மாமாருக்காக ஆயிரம் கேட்டார்கள். டிசம்பரில் தோட்டங்களில் வேலைநிறுத்தம் நடந்தது. 2019 ஜனவரி கடைசியில் ஒப்பந்தம் கையெழுத்தானது. அடிப்படைச் சம்பளம் 500இலிருந்து 700 ஆனது. நாற்பது வீத உயர்வு! உலகத்தில் எந்தத் தொழிற்சங்கம் ஒரே கையெழுத்தில் நாற்பது வீதம் வாங்கியிருக்கிறது? மாலை போடவேண்டிய சாதனைதான்.

மாலை போடுவதற்கு முன்னால் கூட்டிப் பார்த்தவர்கள் மட்டும் கெட்டார்கள். வரவுக் கொடுப்பனவு 60 ஒழிக்கப்பட்டது. கொழுந்துக்கான 140 ஒழிக்கப்பட்டது. விலைக்கான 30ஐ 50 ஆக்கினார்கள். ஆக மொத்தம் 750. முன்பு 730, இப்போது 750. நாற்பது வீத உயர்வின் எடை இருபது ரூபாய். ஒரு பிளேன் டீ குடிக்கலாம், தூளை நாமே கொண்டுபோனால்.

கணக்குக் கேட்ட தொழிலாளியிடம் தலைவர்மார் பொறுமையாக விளக்கினார்கள். அடிப்படைச் சம்பளம் கூடினால் சேமலாப நிதி கூடும், கிழவியான பிறகு அந்த அருமை தெரியும் என்றார்கள். அதுவும் பொய்யில்லை. இன்றைக்குப் பசிக்கிறது என்றவளுக்கு முதுமையில் சோறு வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள்.

பிறகு ஆட்சி மாறியது. 2020 மார்ச் முதல் ஆயிரம் என்று அமைச்சரவை முடிவெடுத்தது. அந்த மார்ச் வந்தது, போனது. கடைசியில் சம்பள நிர்ணய சபை மூலமாக 2021 மார்ச் மாதம் வர்த்தமானியில் ஆயிரம் ஏறியது, 900 சம்பளமும் 100 கொடுப்பனவுமாக. கம்பனிகள் உடனே நீதிமன்றத்துக்கு ஓடின. ஆறு வருடம் கெஞ்சியும் கூவியும் கேட்ட தொகை சட்டமானதும், கம்பனிக்காரர்களுக்குச் சட்டத்தின் மேல் எவ்வளவு மரியாதை என்று அன்றைக்கு நாடு பார்த்தது. நீதிமன்றம் தடைவிதிக்கவில்லை. ஆயிரம் வந்தேவிட்டது.

ஆயிரம் வந்த பிறகு நடந்ததுதான் இந்தக் கதையில் கம்பனிகளின் கைவரிசை தெரியும் இடம். எண்ணைத் தொட முடியாது, அது சட்டம். எண்ணுக்குப் பக்கத்தில் இருப்பதைத் தொடலாமே! பல தோட்டங்களில் கிலோவைக் கூட்டினார்கள். பதினாறு, பதினெட்டு எடுத்த இடத்தில் இருபது கேட்டார்கள். எடுக்காதவளுக்கு அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம். இல்லாவிட்டால் கிலோக் கணக்கில் சில்லறை. வேலை நாட்களையும் குறைத்தார்கள். நாளொன்றுக்கு ஆயிரம் என்று சட்டம் சொல்கிறது, மாதத்துக்கு எத்தனை நாள் என்று சொல்லவில்லை பாருங்கள். கூட்டு ஒப்பந்தம் இனி எங்களைக் கட்டுப்படுத்தாது என்றும் கம்பனிகள் கைவிரித்தன. வலது கையால் எழுதியதை இடது கையால் அழிப்பதற்குப் பெயர்தான் முகாமைத்துவம்.

நிறுவைக் கொட்டகைக்கு ஒருநாள் போய்ப் பாருங்கள். சாய்ந்தர நேரம். சாக்குப்படங்கு கட்டிய இடுப்போடு வரிசையில் நிற்கிறார்கள். காலையிலிருந்து தலையில் தொங்கிய கொழுந்து தராசுக்கு ஏறுகிறது. முள் இருபத்தொன்றில் ஆடி நிற்கிறது.

“பதினெட்டு” என்று எழுதுகிறார் கணக்கப்பிள்ளை.

“ஐயா, இருபத்தொண்ணு காட்டுதுங்களே?”

“ஈரக் கொழுந்தும்மா. தண்ணிக்குக் கழிக்கணும். சாக்குக்குக் கழிக்கணும். முத்தல் வேற கெடக்கு.”

“அப்ப அரைப்பேருங்களா ஐயா?”

“நானா போடுறேன்? மேல இருந்து சொல்றாங்க. தள்ளு தள்ளு, பின்னால ஆள் நிக்கிது.”

அவ்வளவுதான். ஆறு வருடப் போராட்டம், ஒரு வேலைநிறுத்தம், காலிமுகத்திடல் கூட்டம், அமைச்சரவை முடிவு, வர்த்தமானி, நீதிமன்றத் தீர்மானம் எல்லாம் மூன்று கிலோ தண்ணீரில் கரைந்துபோயின. கழித்த மூன்று கிலோவைக் கம்பனி ஆற்றில் கொட்டுவதில்லை. அதுவும் தொழிற்சாலைக்குத்தான் போகிறது, அதுவும் தூளாகிறது, அதையும் யாரோ ஒருவர் லண்டனிலோ பாக்தாத்திலோ சீனி போட்டுக் கலக்கிக் குடிக்கிறார்.

மாதம் முடிந்தால் சம்பளச் சீட்டு வரும். அதில் கழிப்புகள் எழுதிய வலது பக்கம்தான் நீளம். சேமலாப நிதிக்கு எட்டு வீதம். சங்கத்துக்குச் சந்தா. கோயிலுக்குப் பணம். தீபாவளிக்குக் கொடுத்த முற்பணத்துக்குத் தவணை. அது முற்பணம்தான், போனஸ் இல்லை. அடுத்த தீபாவளி வரைக்கும் பழைய தீபாவளிக்குக் கட்டிக்கொண்டிருப்பார்கள். நரகாசுரனுக்குக்கூட ஒரே தடவை சாவுதான். பிறகு, மறந்துவிடக்கூடாது, தேயிலைத் தூளுக்கும் ஒரு கழிப்பு. ஆமாம், அவர்கள் பறித்த தேயிலைதான். பறித்தவள் குடிக்கவேண்டுமென்றால் காசு.

கம்பனிக்கு நல்ல காலமாகப் பார்த்துக் கேட்கச் சொன்னார்களே, அந்தப் பாடத்துக்கு வருவோம். 2022இல் நாடு வங்குரோத்தானது. டொலர் 200 ரூபாயிலிருந்து 360க்குத் தாவியது. செப்டம்பர் மாதக் கணக்கில் விலைவாசி ஒரே வருடத்தில் ஏறத்தாழ 70 வீதம் கூடியிருந்தது, உணவுப் பண்டங்கள் 95 வீதம். ரொட்டியும் சம்பலும் ஆடம்பரமான நாட்கள் அவை. அதே வருடத்தில் கொழும்பு ஏலத்தில் தேயிலையின் சராசரி விலை ஏறத்தாழ இரட்டிப்பாகி, கிலோ 1,200 ரூபாயைத் தாண்டியது. தேயிலை டொலரில் விற்கிறது, சம்பளம் ரூபாயில் கொடுக்கப்படுகிறது. இதைவிட நல்ல காலம் ஒரு முதலாளிக்கு எங்கே வரும்?

உரம் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, விளைச்சல் விழுந்துவிட்டது என்றார்கள் கம்பனிக்காரர்கள். உண்மைதான், 2021இல் இரசாயன உரத்தைத் தடைசெய்த புண்ணியவான்கள் தேயிலையையும் விட்டுவைக்கவில்லை. அதற்காக எளிய கணக்கு ஒன்று மாறிவிடாது. ஏறத்தாழ நாலரைக் கிலோ பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தூளாகும். பதினெட்டுக் கிலோ எடுத்தவள் நாலு கிலோத் தூளுக்கு உயிர் கொடுத்திருக்கிறாள். அன்றைய ஏல விலையில் அது ஐயாயிரத்தை எட்டும். கவ்வாத்து வெட்டியவருக்கு, தொழிற்சாலைக்காரருக்கு, லொறிக்காரருக்கு, தரகருக்கு எல்லாம் அதிலிருந்துதான் கொடுக்கவேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒன்றைப் பாருங்கள். டீசல் விலை கூடினால் எந்தக் கம்பனியும் டீசலோடு இரண்டு வருடம் பேச்சுவார்த்தை நடத்துவதில்லை. கேட்ட விலையைக் கொடுத்து ஊற்றிக்கொண்டு போகிறது. மனுஷி ஒருத்திதான் பேரம் பேசத் தகுந்த எரிபொருள். அவளுடைய ஆயிரம் 2024 வரைக்கும் ஆயிரமாகவே நின்றது.

2024 தேர்தல் வருடம். மே தினத்தன்று கொட்டகலைக் கூட்டத்தில் அன்றைய ஜனாதிபதி 1,700 ரூபாய் அறிவித்தார். முந்திய நாளே வர்த்தமானி தயார், 1,350 சம்பளம், 350 கொடுப்பனவு. கைதட்டல் மலையில் எதிரொலித்தது. கம்பனிகள் பழக்கதோஷத்தில் மறுபடி நீதிமன்றம் போயின. ஜூலையில் நாட்டின் உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை விதித்தது. செப்டம்பரில், ஜனாதிபதித் தேர்தலுக்குச் சில நாட்களுக்கு முன்பு, 1,350 மட்டும் வந்தது. 350 வரும் வழியில் தொலைந்தது. தேடிப் பார்த்தவர் எவரும் இல்லை.

புதிய ஆட்சி வந்தது. 2025 பெப்ரவரி வரவுசெலவுத் திட்டத்தில் மறுபடி 1,700 ஒலித்தது. அந்த வருடம் நவம்பரில் அடுத்த வரவுசெலவுத் திட்டத்தில் 1,750 ஆனது. 2026 ஜனவரி முதல் கம்பனி தரும் 1,350ஐ 1,550 ஆக்குவோம் என்றார்கள், வேலைக்கு வந்தால் நாளொன்றுக்கு 200 ரூபாயை அரசாங்கம் கொடுக்கும் என்றார்கள். தனியார் கம்பனியின் தொழிலாளிக்கு அரசாங்கக் காசில் சம்பளம். கடைத் தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்த கதைதான். அரசாங்கத்துக்குக் காசு ஏது? கடையில் வாங்கும் சாமானுக்கெல்லாம் நாம் கட்டிய வரி. அதில் அவளுடைய பங்கும் இருக்கிறது. தன் சம்பளத்தில் ஒரு பகுதியைத் தானே கட்டிக்கொள்ளும் தொழிலாளியைக் கண்டுபிடித்ததற்கு நமக்கு ஒரு நோபல் கொடுத்தால் தகும்.

போகட்டும், 1,750 நல்லதுதானே என்பீர்கள். நல்லதுதான். வேண்டாம் என்று சொல்ல எனக்கு அருகதையும் இல்லை. ஒரே ஒரு வகுத்தல் கணக்குப் போடுவோம். 2015இல் ஆயிரம் கேட்டபோது டொலர் 135 ரூபாய் அளவில் இருந்தது. கேட்டது ஏழு டொலருக்கு மேல். இப்போது டொலர் 300ஐத் தாண்டி நிற்கிறது. 1,750 என்பது ஆறு டொலர்கூட இல்லை. தேயிலையை டொலரில் விற்பவர்களோடு டொலரில்தானே பேசவேண்டும்? அந்தக் கணக்கில் பத்து வருடத்துக்கு முன்னால் கேட்ட ஆயிரத்தை இன்னும் கொடுக்கவில்லை. அதற்குள் மூன்று வெற்றி விழா, நாலு ஜனாதிபதி, எண்ணிக்கையில்லாத பொன்னாடை.

தங்களுக்கு வேண்டியதைக் கேட்கத் தெரிந்தவர்கள் இந்த நாட்டில் இல்லாமலில்லை. ஐந்து வருடம் நாடாளுமன்றத்தில் இருந்தால் ஆயுள் முழுக்க ஓய்வூதியம் என்று 1977இலேயே சட்டம் போட்டுக்கொண்டார்கள். அதற்கு யாரும் காலிமுகத்திடலுக்குப் போகவில்லை. யாரும் யாருடைய ஈரத்தையும் கழிக்கவில்லை. சபையில் தூங்கிய நேரத்துக்கு அரைப்பேர் போட்டதாகவும் கேள்விப்படவில்லை. அந்த நாடாளுமன்றம்தான் 1948இல் இந்த மக்களின் குடியுரிமையைப் பிடுங்கியது. ஓட்டைக் கழித்துவிட்டு வேலையை மட்டும் வைத்துக்கொண்டது. மலையகத்தின் முதல் பெரிய கழிப்பு அதுதான். கணக்கப்பிள்ளைமார் பாவம், பிறகு வந்து பழகிக்கொண்டவர்கள்.

2023இல் இந்த மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு வருடம் ஆனதை நினைத்து, தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்கள். பாட்டன்மார் செத்துச் செத்து நடந்த பாதை. அந்த நடைக்கு நாடு உருகியது. பத்திரிகைகள் உருகின. தேயிலைப் பெட்டிகளில் கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படத்தைப் போடுகிறவர்களும் உருகியிருப்பார்கள். உருகிய பிறகு, லயம் எனும் வரிசைக் குடியிருப்பின் பத்துக்குப் பன்னிரண்டு அடி காம்பராவை ஓர் அங்குலம் கூட்டவில்லை. கண்ணீர் இலவசம் என்பதால் தாராளமாகக் கிடைக்கிறது, சம்பளத்துக்குத்தான் வர்த்தமானி வேண்டியிருக்கிறது.

கம்பனிக்காரர்கள் சொல்லும் கடைசிப் பேச்சு ஒன்று உண்டு. நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு சிறுதோட்டக்காரர்களிடமிருந்து வருகிறது, அவர்களால் சமாளிக்க முடிகிறது, எங்களுக்குத்தான் கூலி கட்டுப்படியாகவில்லை என்பார்கள். தோட்டங்களை 1992 முதல் நடத்துகிறீர்கள். அன்றிலிருந்து கட்டுப்படியாகவில்லை. கட்டுப்படியாகாத தொழிலை ஒருவரும் கைவிடவும் காணோம். நட்டத்தை முப்பது வருடத்துக்கு மேல் இவ்வளவு ஆசையாகக் கட்டிக்கொண்டு அழும் கூட்டம் பூமியில் வேறெங்கும் இருக்காது. சிறுதோட்டக்காரருக்குத் தன் கொழுந்துக்குக் கிலோவுக்கு விலை கிடைக்கிறது, நிலமும் அவருடையது. நிலத்தைப் பிரித்துக் கொடுங்கள், இந்தப் பெண்களும் சமாளித்துக் காட்டுவார்கள். அந்தப் பேச்சை எடுத்தால் மட்டும் ஐயாமாருக்குக் காது அடைத்துக்கொள்கிறது.

மனிதவள நிபுணர்கள் தங்கள் பாடத்தில் ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம். கேட்பவருக்குக் கிடைப்பது, கேட்பவர் விட்டுப் போகக்கூடியவரா என்பதைப் பொறுத்தது. கொழும்பு அதிகாரி வேலை பிடிக்காவிட்டால் அடுத்த கம்பனிக்குப் போவார். தோட்டத்து மனுஷி வேலையை விட்டால் லயத்தையும் விடவேண்டும். வீடும் தோட்டத்துத் தொரையுடையது, வழியும் தொரையுடையது, வாசல் குழாய்த் தண்ணீரும் தொரையுடையது. அப்படிப்பட்டவள் கேட்பதற்குப் பேர் பேச்சுவார்த்தை இல்லை. அந்த உண்மை தெரிந்த பிள்ளைகள்தான் கூடையைத் தொடாமல் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் போகிறார்கள். இப்போது தோட்டத்தில் ஆள் பற்றாக்குறை என்று கம்பனிகள் புலம்புகின்றன. அது பற்றாக்குறை இல்லை. நீங்கள் போட்ட அரைப்பேருக்கு அடுத்த தலைமுறை எழுதிய பதில்.

தோட்டத்து அக்கா தங்கச்சிமாரே, அடுத்த மே தினத்துக்கும் மேடை போடுவார்கள். புதிய எண் ஒன்று சொல்வார்கள், அது 2,000 ஆகவும் இருக்கலாம். கைதட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். மாதத்துக்கு எத்தனை நாள் வேலை தருவீர்கள்? முழுப்பேருக்கு எத்தனை கிலோ? தராசில் எவ்வளவு கழிப்பீர்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். அந்த மேடைக்கு வந்தவர்கள் உங்களிடம் வாங்கிப்போக வந்தது அந்தக் கைதட்டலைத்தான். ஒரு தடவை அதையும் கழித்துக் கொடுங்கள்.